வீடு காட்டும் நாள்: தரகுத் தொழிலில் இறங்கும் பெண்களுக்குச் சில குறிப்புகள்

வீடு, காணி தரகு என்பது ஆண்களுக்கே உரிய தொழில் என்ற எண்ணம் நம் சமூகத்தில் நெடுநாளாக வேரூன்றியுள்ளது. தேநீர்க் கடை வாசலிலும், நொத்தாரிசு அலுவலகத்தின் விறாந்தையிலும் நின்று பேசி முடிக்கப்படும் காரியமாகவே அது இருந்து வந்தது. அந்த நிலை இப்போது மெல்ல மாறி வருகின்றது. தையல், சிறு கடை, காப்புறுதி முகவர் வேலை ஆகியவற்றைச் செய்துவந்த பெண்கள் சிலர் தரகிலும் இறங்கியிருக்கின்றனர். ஊரில் யார் வீடு விற்க நினைக்கிறார்கள், யார் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள் என்ற செய்தி பெரும்பாலும் முதலில் பெண்களின் காதுக்குத்தான் வருகின்றது. அந்தச் செய்தியை வருமானமாக மாற்றும் வழியை இவர்கள் கண்டுகொண்டுள்ளனர். அவர்களுக்கும், தம் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ எண்ணியிருக்கும் சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்றே இம்மாதம் இவ்விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

நம் நாட்டில் தமிழ்ச் சமூகங்களுக்குள் வீடு என்பது பெரும்பாலும் பெண்ணின் சொத்து. யாழ்ப்பாணத்தில் சீதனமாகவும், கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களிலும் திருமணத்தோடு மகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தாலும் வீட்டு உறுதி பெண்ணின் பெயரிலேயே இருப்பதைக் காண்கிறோம். ஆனால் அந்த வீடு விலைக்கு வரும்போது அதைக் காட்டுபவரும், விலை பேசுபவரும், முற்பணம் எண்ணி வாங்குபவரும் ஆண்களாகவே இருக்கின்றனர். உரிமைக்காரி குசினி வாசலில் நிற்கிறாள். தேநீர் கொடுக்கிறாள். கடைசியில் கையெழுத்து வைக்கிறாள். இலங்கையில் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பம் பெண்ணைத் தலைமையாகக் கொண்டது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அத்தகைய பெண்ணுக்கு வீடு ஒன்றே கையிலுள்ள பெருஞ் சொத்து. அதைக் காட்டும் முறையில் ஏற்படும் பிழை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாள் நட்டமாகிவிடும்.

ஒரு நாள், ஒரு நேரம்

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம் உறவினர்கள் 'ஓப்பன் ஹவுஸ்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விற்பனைக்கு வரும் வீட்டை முகவர் ஒருவர் வார இறுதியில் குறிப்பிட்ட நேரம் திறந்து வைப்பார். விருப்பமுள்ள எவரும் அந்நேரத்தில் வந்து சுற்றிப் பார்க்கலாம். வாசலில் பலகை இருக்கும், உள்ளே விபரத் தாள் இருக்கும், வந்தவர்களின் பெயரை எழுத ஒரு பதிவேடும் இருக்கும். கொழும்பில் தொடர்மாடி கட்டி விற்கும் நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

நம் ஊர்களில் நடப்பது வேறு. மூன்று நான்கு தரகர்கள் ஒரே வீட்டைக் கையில் வைத்திருப்பார்கள். நினைத்த நேரத்தில் ஆட்களைக் கூட்டி வருவார்கள். காலை ஏழு மணிக்கும் கேற்றைத் தட்டுவார்கள், மாலை இருண்ட பிறகும் தட்டுவார்கள். ஒருவர் ஒரு விலை சொல்வார், மற்றவர் இன்னொரு விலை சொல்வார். "எப்போது யார் வருவார்களோ என்று சமைக்கவும் முடியவில்லை, குளிக்கவும் முடியவில்லை" என்பது எமது களப்பணியின்போது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இப்படி இரண்டு மாதம் சென்றால் வீட்டுக்காரி களைத்து, வந்த விலைக்குக் கொடுத்துவிடும் நிலைக்கு வந்துவிடுகிறாள். அவளது களைப்பு வாங்குபவரின் இலாபமாகின்றது.

ஒரு நாளைக் குறித்து, எல்லோரையும் அந்நாளிலேயே வரச் சொல்வதால் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, வீட்டுக்காரிக்கு ஆயத்தப்பட நேரம் கிடைக்கும், துணைக்கு ஆட்களையும் அழைத்து வைக்கலாம். இரண்டாவது, வாங்க வருபவர் தன்னைப் போல் இன்னும் நாலு பேர் வந்திருப்பதைத் தன் கண்ணால் காண்பார். "உங்கள் வீட்டை யார் வாங்கப் போகிறார்கள்?" என்று மட்டந்தட்டி விலை குறைக்கும் பேச்சு அப்போது எடுபடாது. மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே விபரமும் ஒரே விலையும் சொல்லப்படுகின்றன. தரகரின் பெயர் கெடாமலிருக்க இதைவிட வேறு வழியில்லை.

முதலில் உறுதி, பிறகு துடைப்பம்

வீடு காட்டுவது என்றதும் கூட்டித் துடைப்பதே பலரின் நினைவுக்கு வரும். அதற்கு முன் செய்ய வேண்டியது உறுதியைப் பார்ப்பது. விற்க முடியாத வீட்டைக் காட்டி ஆட்களைத் திரட்டுவது தரகரின் நேரத்தையும் நம்பிக்கையையும் அழித்துவிடும். கீழ்வரும் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே நாளைக் குறியுங்கள்.

யாருடைய கையெழுத்து வேண்டும்? தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறலாம் என்றும் அதே சட்டம் வழி வைத்தது. போர்க்காலத்தில் கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்களுக்கு இந்த வழி முக்கியமானது. தேசவழமை ஒருவர் வசிக்கும் ஊரை மட்டும் பார்ப்பதில்லை. கொழும்பில் வாழும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் அது பொருந்தக்கூடும். தேசவழமைக்கோ வேறு தனியார் சட்டத்துக்கோ உட்படாத பெண்கள் பொதுச் சட்டத்தின் கீழ் வருவர். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி அவர்கள் கணவனின் சம்மதமின்றியே தம் சொத்தை விற்கலாம். எந்தச் சட்டம் யாருக்கு என்பதை நொத்தாரிசிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியவர்கள் உண்டா? தேசவழமையின் கீழ் வரும் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்குக்காரரும், உரிமையாளர் இறந்தால் சட்டப்படி வாரிசாகக் கூடியவர்களும் அதை வாங்கும் முன்னுரிமை பெற்றவர்கள். இது 1947ஆம் ஆண்டின் முன்வாங்கும் உரிமைச் சட்டத்தில் உள்ளது. அண்ணன் தம்பிமாரைக் கேளாமல் வீட்டைத் திறந்து வைத்தால், விலை பேசி முடிந்த பிறகு வழக்கு வரும்.

காணி எப்படிப்பட்டது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் கிழக்கின் குடியேற்றப் பகுதிகளிலும் பலரிடம் இருப்பது அரச அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். இவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. இவற்றை உறுதிக் காணி போல நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலகத்துக்குச் சென்று கேளுங்கள்.

வாங்க வருபவர் யார்? வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள்தான் இன்று பல ஊர்களில் நல்ல விலை தருபவர்கள். ஆனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கின்றது. இலங்கைக் குடியுரிமையை இழந்து வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர், பிறந்த ஊரிலேயே காணி வாங்க வந்தாலும் இத்தடை குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இத்தடை இல்லை. ஆகவே அவர்களிடம் முதலிலேயே பணிவாகக் கேட்டுவிடுவது நல்லது.

இவற்றோடு காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்ப்பித்து ஈடு, வழக்கு எதுவும் பதியப்பட்டிருக்கிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து, வேறொருவர் அற்றோணித் தத்துவத்தோடு வந்தால், உரிமையாளருடன் நேரடியாகப் பேசி உறுதிப்படுத்தாமல் ஒருவருக்கும் வீட்டைக் காட்டாதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம்?

வெளிச்சம் உள்ள நேரமே வீட்டுக்கு அழகு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நண்பகல் வெய்யிலில் வந்தவர் வீட்டைப் பார்ப்பதைவிட நிழலைத் தேடுவார். காலை 9.30 தொடங்கி 12 மணி வரை ஏற்ற நேரம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் செல்பவர்கள் வரக்கூடிய நாள், ராகுகாலமும் மாலை 4.30க்குப் பிறகுதான். சனிக்கிழமையானால் காலை 9 தொடங்கி 10.30 வரை ராகுகாலம் என்பதால் பலர் தயங்குவர். கத்தோலிக்கர் கூடுதலாக வாழும் ஊரில் ஞாயிறு காலைத் திருப்பலி முடியும் நேரத்தைக் கேட்டறியுங்கள். முஸ்லிம் மக்கள் வரக்கூடிய இடத்தில் வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்கும் பேச்சை எடுக்க விரும்பாதவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஆயினும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவினர்கள் ஊரில் நிற்பதால், வடக்கில் அந்தக் கிழமைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நமக்கு இவற்றில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விடயம். வருபவருக்கு வசதியான நேரத்தில் கதவைத் திறந்து வைப்பதே தரகரின் வேலை.

அறிவித்தலைப் பத்து நாட்களுக்கு முன்னரே கொடுங்கள். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடும்போது ஊர், பரப்பளவு, அறைகளின் எண்ணிக்கை, நீர் வசதி, எதிர்பார்க்கும் விலை, பார்க்கும் நாள், உங்கள் தொலைபேசி எண் ஆகியவை போதும். வீட்டு இலக்கத்தைப் போடாதீர்கள். அழைத்துப் பெயரும் ஊரும் சொன்னவருக்கே வழி சொல்லுங்கள். பெண்கள் தனித்து வாழும் வீடு என்ற விபரம் அறிவித்தலில் எவ்வகையிலும் வெளிப்படக் கூடாது. அன்று காலை ஒழுங்கை முகப்பில் ஒரு மட்டை அட்டையில் அம்புக்குறி போட்டுக் கட்டினால், வருபவர்கள் அயலட்டையில் விசாரித்துத் திரிய வேண்டியிராது.

அயலவர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாலைந்து வாகனங்கள் ஒழுங்கையில் நின்றால் அவர்களுக்கு இடைஞ்சல்தான். சொல்லாமல் செய்தால் முகம் கோணும், சொல்லிச் செய்தால் அவர்களே தம் உறவினருக்குச் செய்தி அனுப்புவார்கள்.

வீட்டை ஆயத்தப்படுத்தல்

பெருஞ் செலவு தேவையில்லை. விற்கப் போகும் வீட்டுக்குக் கடன்பட்டுப் பூச்சடிக்க வேண்டாம். யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து, திரைச் சீலைகளை ஒதுக்கி, வெளிச்சமும் காற்றும் வரச் செய்யுங்கள். அறைகளில் குவிந்திருக்கும் பழைய பெட்டிகளையும் உடைந்த கதிரைகளையும் அகற்றினால் அறையின் அளவு தெரியும். முற்றத்தைக் கூட்டி, கிணற்றடியைத் தேய்த்துக் கழுவி, வடிகானைத் துப்புரவு செய்யுங்கள். கழன்ற பூட்டு, ஒழுகும் பைப், எரியாத மின்குமிழ் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். சிறிய குறைகள் கண்ணில் பட்டால், பெரிய குறைகளும் மறைந்திருக்கும் என்று வாங்குபவர் எண்ணுவார். முந்தின இரவு மீன் பொரித்த மணமும், மூடிக்கிடந்த அறையின் புழுங்கல் மணமும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சாமி அறைக்குள் காலணியோடு எவரும் நுழையாதபடி வாசலில் சொல்லி வையுங்கள்.

சுத்தம் செய்வது வேறு, மறைப்பது வேறு. சுவர் வெடிப்பின் மேல் அலுமாரியைத் தள்ளி வைப்பதும், ஈரம் ஊறிய கூரைக்குக் கீழ் புதிதாக வெள்ளையடிப்பதும் ஏமாற்று. நம் ஊரில் எல்லாம் வெளிவரும். வாங்கியவர் முதல் மழையிலேயே கண்டுபிடிப்பார், அதன் பிறகு அந்த ஊரில் உங்கள் மூலம் ஒருவரும் வீடு வாங்கமாட்டார்கள். குறையை முதலிலேயே சொல்லி, திருத்த எவ்வளவு செல்லும் என்று மேசனிடம் கேட்டு எழுதி வைத்தால், விலைப் பேச்சு அந்தத் தொகையோடு நின்றுவிடும். மறைத்துப் பிடிபட்டால் அதுவே பத்து மடங்கு விலைக்குறைப்பாக வரும்.

நீரைப் பற்றிய கேள்விகளுக்கு விசேடமாக ஆயத்தப்படுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை நம்பியிருக்கின்றது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற பிறகு, கிணற்றைப் பற்றிக் கேளாமல் ஒருவரும் வீடு வாங்குவதில்லை. கிணறு நன்னீரா, உவரா, கோடையில் வற்றுமா, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி என்பவற்றை அளந்து எழுதி வையுங்கள். ஒரு செம்பில் கிணற்று நீரை வைத்து வருபவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது பல விளக்கங்களுக்குச் சமம். தாழ்ந்த நிலப் பகுதிகளில் மாரியில் வெள்ளம் எந்த அளவு வந்தது என்று கேட்பார்கள். 2025 நவம்பர் டித்வா புயலின் பிறகு இக்கேள்வி இன்னும் கூடியுள்ளது. மலையகத்திலோ மண்சரிவு அபாயம் பற்றிக் கேட்பார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருந்தால் அதை எடுத்து மேசையில் வையுங்கள்.

வீட்டிலுள்ளவர்களின் பாதுகாப்பு

அறிமுகமில்லாத பலர் ஒரே நாளில் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. நகை, பணம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், மூல உறுதி ஆகியவற்றை முதல் நாளே நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ வங்கியிலோ வைத்துவிடுங்கள். மருந்துகளையும் எடுத்து வையுங்கள். சுவரில் தொங்கும் பெண் பிள்ளைகளின் புகைப்படங்களைக் கழற்றி வைப்பது நல்லது. பிள்ளைகளை அம்மம்மா வீட்டுக்கோ அயல் வீட்டுக்கோ அனுப்பிவிடலாம்.

தரகராகிய நீங்கள் ஒருபோதும் தனியே நிற்காதீர்கள். வாசலில் ஒருவரும் உள்ளே ஒருவருமாகக் குறைந்தது இருவர் வேண்டும். வாசலில் நிற்பவர் பதிவேட்டில் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதுவித்து, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் உள்ளே விடட்டும். உள்ளே நிற்பவர் அவர்களோடு கூடவே செல்லட்டும். அறைக்குள் முதலில் வருபவரைப் போக விட்டு, நீங்கள் கதவுப் பக்கம் நில்லுங்கள். வீட்டுக்காரியைக் கேளாமல் உள்ளே படம் பிடிக்க விடாதீர்கள். வெறும் வீட்டைக் காட்டுவதற்கு இருண்ட பிறகு கூப்பிட்டால் போகாதீர்கள். எங்கே, யாரோடு போகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் இத்தொழிலில் கட்டாயமானது.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?", "இவர் எப்போது வெளிநாடு போனவர்?", "என்ன அவசரத்துக்கு விற்கிறீர்கள்?" என்ற கேள்விகள் வரும். சில வெறும் விடுப்பு, சில விலையைக் குறைக்கும் உபாயம், சில ஆபத்தானவை. வீட்டைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை சொல்லுங்கள், வீட்டுக்காரரைப் பற்றிய கேள்விகளுக்கு "அது அவர்களுடைய சொந்த விடயம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். மகளின் கலியாணத்துக்கோ கடனுக்கோ விற்கிறார்கள் என்ற ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால் வீட்டின் விலை அந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

அன்றைய தினம்

வருபவரின் கையில் ஒரு பக்க விபரத் தாளைக் கொடுங்கள். காணியின் அளவு, கட்டடத்தின் சதுர அடி, கட்டிய ஆண்டு, அறைகள், கிணறு அல்லது குழாய் நீர், மின் இணைப்பு, பாதையின் அகலம், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் உள்ள தூரம், சோலைவரி, விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். அளவை வருபவருக்கு விளங்கும் கணக்கில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தார் பரப்பில் கேட்பர், கொழும்பார் பேர்ச்சில் கேட்பர். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, கட்டட அனுமதி, மின் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோவையில் வைத்து, உண்மையான விருப்பம் உள்ளவருக்கு அங்கேயே இருந்து பார்க்கக் கொடுங்கள். படம் பிடிக்கவோ எடுத்துச் செல்லவோ விடாதீர்கள்.

சுற்றிக் காட்டும்போது வளவு, கிணறு, விறாந்தை, அறைகள், குசினி, பின்பக்கம் என்று ஒரு ஒழுங்கு இருக்கட்டும். விடாமல் பேசாதீர்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு விடயம் மட்டும் சொல்லி, பிறகு அவர்கள் தமக்குள் பேச இடம் விடுங்கள். குடும்பமாக வரும்போது ஆணிடம் மட்டும் பேசுவது பழைய தரகர்களின் வழக்கம். அந்த வீட்டில் சமைக்கப் போகிறவளும், தண்ணீர் அள்ளப் போகிறவளும், பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லப் போகிறவளும் அருகில் நிற்கிறாள். "அக்கா, குசினியைப் பாருங்கோ, உங்களுக்குப் போதுமா?" என்று அவளிடம் கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு முடிவைச் சொல்பவள் பெரும்பாலும் அவள்தான். வீட்டுக்காரி விரும்பினால் அவளும் கூட நிற்கட்டும். விலைப் பேச்சு மட்டும் அன்று வேண்டாம். "விருப்பமென்றால் உங்கள் விலையை நாளை மாலைக்குள் சொல்லுங்கோ, எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறோம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

இன்னொரு விடயத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "யாருடைய ஆக்கள்?" என்று நம் ஊரில் கேட்கும் கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கின்றது. சாதியைப் பார்த்து, மதத்தைப் பார்த்து, கணவன் இல்லாதவள் என்று பார்த்து வீட்டைக் காட்ட மறுக்கும் வழக்கம் விற்பனையிலும் உண்டு, வாடகையில் இன்னும் அதிகமாக உண்டு. பிள்ளைகளோடு வாடகை வீடு தேடும் இளம் விதவை ஒருத்தி எத்தனை கதவுகளில் "வீடு கொடுத்தாச்சு" என்ற பொய்யைக் கேட்டிருப்பாள்! அறிவித்த நேரத்தில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் முறையில் இந்தப் பொய்க்கு இடமில்லை. யாரை உள்ளே விடுவது என்று தெரிவு செய்யும் வேலையைத் தரகர் ஏற்கக் கூடாது. அப்படிக் கேட்கும் வீட்டுக்காரரிடம், "வருபவர் எல்லோருக்கும் காட்டுவேன், அது என் தொழில் ஒழுங்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கதவை மூடிய பிறகு

அன்று மாலையே பதிவேட்டை எடுத்துவைத்து, வந்தவர்கள் சொன்ன குறை நிறைகளை எழுதுங்கள். மறுநாள் ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுங்கள். பலர் வந்தும் ஒருவரும் விலை சொல்லாவிட்டால், கேட்கும் விலை கூடியிருக்கலாம். ஒருவருமே வராவிட்டால், அறிவித்தல் சரியாகப் போய்ச் சேரவில்லை. மூன்று குடும்பங்கள் ஒரே குறையைச் சொன்னால் அது உண்மைக் குறை. இவற்றை வீட்டுக்காரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வந்த விலைகள் எல்லாவற்றையும் அவளுக்குத் தெரியப்படுத்துவது உங்கள் கடமை. உங்களுக்குக் கூடுதலாகக் கைக்காசு தருகிறேன் என்றவரின் விலையை மட்டும் கொண்டு போவது துரோகம்.

முற்பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. வீடு பிடித்த மகிழ்ச்சியில் அங்கேயே ஒரு தொகையை நீட்டுவார்கள், வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைப்பார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை உறுதி மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெள்ளைத்தாளை வைத்து விற்பனையை நிறைவேற்றுவிக்க முடியாது. வாங்குபவர் பெண்ணாக இருந்தாலும், விற்பவர் பெண்ணாக இருந்தாலும், நொத்தாரிசிடம் போகும் வரை பணம் கைமாறாமல் பார்த்துக்கொள்வது தரகரின் பொறுப்பு. உங்கள் தரகுப் பணம் எத்தனை வீதம், யார் தருவது, எப்போது தருவது என்பதையும் வீட்டைக் காட்டுவதற்கு முன்னரே எழுத்தில் வைத்துவிடுங்கள். காரியம் முடிந்த பிறகு கேட்டால் பெண் என்பதால் ஏமாற்றப் பார்ப்பார்கள்.

தரகுத் தொழிலுக்கு நம் சமூகத்தில் நல்ல பெயர் இல்லை. இரு பக்கமும் பொய் சொல்லிப் பிழைப்பவர் என்ற எண்ணமே உண்டு. அந்தப் பெயரை மாற்றுவதற்கு இத்தொழிலில் புதிதாக இறங்கும் பெண்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கின்றது. குறித்த நேரத்தில் கதவைத் திறந்து, உள்ளதை உள்ளபடி காட்டி, வந்த விலையை வந்தபடி சொல்லும் ஒரு தரகரை ஊர் விரைவில் அறிந்துகொள்ளும். வீட்டுக்காரிக்கும் அது பெரிய மாற்றம். குசினி வாசலில் நின்றவள் அன்று முன் விறாந்தையில் அமர்ந்து, தன் வீட்டைப் பற்றித் தானே பேசுவாள், தன் விலையைத் தானே தீர்மானிப்பாள். இத்தொழிலில் இறங்கியிருக்கும் சகோதரிகள் அடுத்த வீட்டைக் காட்டுமுன், உரிமைக்காரியைக் கூட இருத்தி, மேலே சொன்ன கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றாக விடை தேடத் தொடங்குங்கள்.